சுருங்காத வளையம்

என் சொந்தக்காரர்கள் என்னை 'வடை டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடவியலில் முனைவர் பட்டம் வாங்கினேன் என்று கச்சிராயபாளையத்தில் சொன்னால் யாருக்குப் புரியும்? மெதுவடையை இழுத்தாலும் நசுக்கினாலும், பிய்க்காதவரைக்கும் ஓட்டை ஓட்டைதான், அந்த மாதிரிக் கணக்கு என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். சித்தப்பா கண்ணாயிரம் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். "ஓட்டைக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?" என்று வேறு கேட்டார். கொடுத்தார்கள். செல்போன் சிக்னல் ஆய்வு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை.

கல்வராயன் மலையில் எந்த ஊரில் சிக்னல் இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாத ஊருக்கு டவர் வரும். எல்லா ஊரிலும் இருக்கிறது என்று அறிக்கை போனால் வராது. எங்கள் மேலாளர் சிவசங்கர் அறிக்கையை முடித்தே வைத்திருந்தார், நூற்றுக்கு நூறு என்று.

வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளக்கப் போன ஆட்கள் மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் நின்ற இடத்தில் மட்டும் அளந்திருக்கிறார்கள். பஸ் நடுவில் இருக்கிற பெரிய பள்ளத்தைச் சுற்றித்தான் போகும், உள்ளே இறங்காது. உள்ளே இருப்பது நொச்சிப்பள்ளம். கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் என்னோடு இருந்த எழில்மதியின் ஊர். போன வருஷம் அவளுக்கு வலி எடுத்தபோது, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண அவள் புருஷன் பகலவன் பஸ் போகிற மேட்டு ரோட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. குழந்தை தங்கவில்லை. இப்போது அவளுக்கு மறுபடி நிறைமாதம்.

"சார், நடுவுல ஓட்டை இருக்குதுங்க" என்றேன் சிவசங்கரிடம்.

"எங்கம்மா இருக்குது? ஒரு ஸ்டாப்பு சிக்னல் அடுத்த ஸ்டாப்பைத் தொட்டுக்கினு போவுது பாரு. எங்கயாச்சும் விட்டிருக்குதா?"

"தலையில வெக்கற சும்மாடு கூடத்தான் விடாம சுத்தியிருக்குது. நடுவுல இன்னா சார் இருக்குது?"

அளந்த ஒவ்வொரு இடத்தையும் சுற்றி வட்டம் போட்டு, வட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக் காட்டினேன். சின்ன ஓட்டைகள் உடனே அடைபட்டுப்போயின. அவை அளவெடுத்ததில் வந்த கோளாறு. இது மட்டும் அடைபட மாட்டேன் என்று நின்றது. பஸ் ரோட்டில் ஒரு கயிற்றை வளையமாகப் போட்டு, அளந்த இடத்தைவிட்டு விலகாமல் இறுக்கினால், அது புள்ளியாகச் சுருங்காது, மாட்டிக்கொள்ளும். அங்கே யாரும் அளக்கவே இல்லை என்பதற்கு என் கணக்கு சாட்சி. சிக்னல் இல்லை என்பதற்கு எழில்மதி சாட்சி.

"வடைக் கதையெல்லாம் வேணாம். நாளைக்கு நீதான் ஒப்புதல் குடுக்கணும். முடியலன்னா வேற வேலை பாத்துக்கோ."

"குடுக்கறேங்க சார். நொச்சிப்பள்ளத்துல நின்னு குடுக்கறேன். நீங்களும் வாங்க."

பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அறிக்கையில் ஒட்ட ஊர்ப் போட்டோவும் தேவைப்பட்டது. வந்தார்.

மறுநாள் காலை ஜீப்பை மேட்டு ரோட்டில் விட்டுவிட்டு இறங்கினோம். எழில்மதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள். சிவசங்கர் ஒரு பாறைமேல் லேப்டாப்பைத் திறந்து அறிக்கையை அனுப்பப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை வானத்தைப் பார்த்துத் தூக்கினார்.

"புளியமரத்துல ஏறினாலும் வராது சார். ஏறிப் பாத்துட்டோம்" என்றார் பகலவன். கூடி நின்ற ஊர்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி, ரோட்டுக்குப் போய் அனுப்பிக்கலாம், வா."

நான் அங்கேயே உட்கார்ந்தேன். "ஒப்புதலுக்கு ஓடிபி என் போனுக்குத்தான் சார் வரும். என் போன் இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."

"வேலை போயிடும்."

"போவட்டும். எங்கம்மா கரும்பு வெட்டி என்னைப் படிக்க வெச்சாங்க. எனக்குக் கஞ்சி எங்கயும் கிடைக்கும். பொய்க்கு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். சிவசங்கர் ரோட்டுப் பக்கம் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எழில்மதிதான் பேசினாள். "சார், உங்க வூட்ல யாருக்காச்சும் இப்ப இன்னாச்சும் ஆனா, உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் ஒரு கோடுகூட இல்லை. பிறகு பாறைமேல் உட்கார்ந்து, நூற்றுக்கு நூறை அழித்துவிட்டு, நொச்சிப்பள்ளத்துக்கு டவர் தேவை என்று தட்டினார். எழுத்தெழுத்தாகப் பக்கத்தில் நின்று படித்த பிறகுதான் நான் எழுந்தேன்.

"இப்பவாச்சும் வர்றியா?"

"வர்றேன் சார். ஆனா டவர் வர மாசக்கணக்காவும். இவ வயித்துல இருக்கறது அதுவரைக்கும் காத்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போவ ஜீப்புல இவ படுத்துக்கினு வர இடம் விடுங்க."

"எனக்கு எங்க இடம்?"

"மலை பஸ் வரும் சார்."

எழில்மதி என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடு ஏறினாள்.