வட்டம் விழாத தட்டு

டாக்டரம்மா அடுத்த வார்டுக்கு நகர்ந்ததும் அம்சம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாதி கறுப்பு, பாதி சிவப்பாக ஒரு கேப்சூல். அதைப் பிரித்து, கணவன் வைரக்கண்ணுவின் கட்டை விலக்கி, கெண்டைக்கால் வெட்டின்மேல் தூளைத் தூவினாள். நடவுக் காலத்தில் சேற்றுப்புண்ணுக்கு அவள் தெருவே செய்யும் வைத்தியம் அது. நிறத்தைப் பார்த்து, கட்சி மாத்திரை என்பார்கள்.

"பாய், உங்களுக்கும் கொஞ்சம் தூவவா?"

"நான் எந்தக் கட்சியும் இல்லம்மா. ஆள விடு!" என்று சிரித்தார் பக்கத்துக் கட்டில் அப்துல் அஜீஸ். அவர் கட்டு நழுவியிருந்தது. அம்சம் அதே கையால் இழுத்துச் சரிசெய்தாள்.

வைரக்கண்ணுவின் காலில் இருந்தது, குத்தகை வயலின் வரப்புத் தகராறில் விழுந்த அரிவாள் வெட்டு. நாளாக ஆக நாறியது. டாக்டர் சௌந்தரநாயகி அம்சத்தைப் பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டாள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதும் கிருமி பார்ப்பதும் அவள்தான்.

"புண்ணு இப்படியே போனா கால எடுக்க வேண்டி வரும். இதப் பாரு."

கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, மருந்து தோய்ந்த காகிதப் பொட்டுகளை வைத்திருந்தாள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, வெற்று வட்டம் விழும். இங்கே நான்கு பொட்டுகளுக்கு வட்டமே இல்லை. ஐந்தாவதைச் சுற்றி மட்டும் சின்னதாக ஒன்று.

"மருந்த ஒட்டியே நாத்து மாதிரி மண்டி நிக்குதே, டாக்டரம்மா!"

"கட்டுல ஒட்டியிருந்த தூளப் பாத்தேன். நீ தூவத் தூவ, தாங்காதது செத்துது. தாங்குனது நின்னு பெருகிச்சு. அடுத்த தட்டு பாயோடது. கிருமி வேற. ஆனா அதே நாலு மருந்துக்கும் அசையல."

"பாய் அந்த மாத்திரையத் தொடவே இல்லியே!"

சௌந்தரநாயகி இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்து விளக்கினாள். புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே வளர்ந்திருந்தது. மருந்தை வெல்லும் வித்தை, கிருமிக்குள் ஒரு நூல் வளையமாக இருக்கிறது. நாலு மருந்துக்கான வித்தையும் ஒரே வளையத்தில். கிருமி அதைப் படியெடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கிறது. தன்னிடம் குறைவதுமில்லை, வாங்குவது தன் இனமா என்று பார்ப்பதுமில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே உடல் சிலிர்த்தது.

அம்சம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு சாண் வரப்புக்கு மனுசன் மனுசன வெட்டுறான். கண்ணுக்குத் தெரியாதது இப்படி அள்ளிக் குடுக்குதே!" என்றவள் சட்டென்று தன் கையைப் பார்த்தாள். "பாய் கட்ட நான்தான் தொட்டேன்."

"நீ மட்டுமில்ல." சௌந்தரநாயகி மூன்றாவது தட்டை நகர்த்தினாள். அதிலும் நான்கு பொட்டுகளுக்கு வட்டமில்லை. "இது என் விரல் பட்ட தட்டு. அவசரத்துல கை கழுவாமதான் ஒவ்வொரு கட்டிலா போயிருக்கேன்."

அம்சம் மிச்ச மாத்திரைகளை மேசைமேல் வைத்தாள். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற, டாக்டர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். பிறகு அம்சம் கழுவினாள்.

அந்த ஐந்தாவது மருந்தை ஊசியாகப் போட்டார்கள். இருவர் புண்களும் மெல்ல ஆறின. வைரக்கண்ணுவுக்குத் தழும்போடு கால் தப்பியது.

சம்பா நடவில், கூட நட்ட ராமாயி சேற்றுப்புண் வந்த கால்விரலை விரித்துக் காட்டினாள். "அம்சம், கட்சி மாத்திரை இருக்கா?"

"இல்லடி. டாக்டர்கிட்ட காட்டு, அவங்க சொன்னா அளவு தப்பாம சாப்பிடு. மருந்தும் ஆத்துத் தண்ணி மாதிரிதான். தலமடையில நாம வீணடிச்சா, கடமடையில யாரோ ஒருத்தருக்கு உயிர் போற நேரத்துல இல்லாமப் போயிடும்."