அகப்பை மூக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், மார்கழி மாதம். மழையில் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுக்க முடியாது. பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்துவிடும். அப்படி வேலை இல்லாத ஒரு காலையில் அங்கம்மா தோட்டத்து எல்லையைத் தாண்டி, மலாயாவின் பொந்தியான் கடற்கரைச் சேற்றில் மட்டி பொறுக்கப் போனாள். அங்கேதான் அந்தப் பறவையைக் கண்டாள்.

கொக்குகளோடு கொக்காக நின்றது. ஆனால் கொக்கில்லை. நீண்ட மூக்கின் நுனி அகப்பை போல் தட்டையாக விரிந்திருந்தது. அதைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடந்தது. அங்கம்மா மட்டியை மறந்து நின்றாள்.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. போன வருஷம் அவள் புலித்தடம் பார்த்ததாகச் சொல்லப்போய், பெண்கள் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். புலி வரவே இல்லை. அதிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் சிரிப்புதான்.

“போன வருஷம் புலி, இந்த வருஷம் அகப்பைக் கொக்கா?” என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா. “அடுத்த வருஷம் உலக்கை மூக்கோட ஒண்ணு வரும், பாருங்க.”

சிரிக்காமல் கேட்டவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் ஒருவர்தான். ஆபீஸ் வேலை போக, வாடைக்காலத்தில் வந்திறங்கும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம்.

“அந்தச் சாதி இந்தப் பக்கம் வந்ததா நான் கேள்விப்பட்டதில்லம்மா,” என்றார். “ஆனா நீ சொல்ற மாதிரி துழாவுறது அது ஒண்ணுதான்.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளோடு கடற்கரைக்கு வந்தார். வெறும் கொக்குகள்தான் இருந்தன. இரண்டாம் முறை அவர் நோட்டைத் திறக்காமலே திரும்பி நடந்தார். ராசம்மாவின் கேலியைவிட அந்த மூடிய நோட்டுதான் அங்கம்மாவைச் சுட்டது.

வேறொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். அங்கம்மா விடவில்லை. மழைக் காலைகளில் எல்லாம் போய்ப் பார்த்தாள். தை பிறந்து பத்தாம் நாள், கிழிந்த மீன்வலை ஒன்றில் கால் சிக்கி, இறக்கையெல்லாம் சேறாகி, அந்தப் பறவை கிடந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

முழங்கால் தண்ணீரில் இறங்கி, பல்லால் கடித்து நூலை அறுத்தாள். அது அவள் கையைக் கொத்தியது. தலைத்துணியை அவிழ்த்து அதைச் சுற்றி எடுத்தபோதுதான் காலில் ஒரு வெள்ளி நிற வளையம் தெரிந்தது. வளையத்தில் எழுத்து இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பறவையை மார்போடு அணைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

லயத்து வாசலில் கங்காணி லெட்சுமணன் மறித்தார். “நல்ல எடை இருக்கும் போலயே. குழம்புக்கு ஆகும்.”

“இது குழம்புக்கு வந்ததில்லீங்க, கங்காணி. வழி விடுங்க.”

அவள் குரலைக் கேட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். பின்னால் வந்த ராசம்மா அந்த மூக்கைப் பார்த்தாள். படபடத்த இறக்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

ஆபீசில் ஜெயபாலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வளையத்தின் எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தெழுதினார்.

“உன்ன சந்தேகப்பட்டுட்டேன் அங்கம்மா. மனசுல வச்சுக்காத.”

“முதல்ல இத விட்டுட்டு வருவோம், ஐயா.”

மூவரும் கடற்கரைக்குப் போனார்கள். தரையில் விட்டதும் பறவை சற்று நேரம் தள்ளாடியது. பிறகு இறக்கையை உதறி, நான்கு எட்டு ஓடி எழுந்து, அலையாத்தி மரங்களுக்கு மேலே பறந்துபோனது.

வளையத்தில் இருந்த முகவரிக்குக் கிராணி கடிதம் போட்டார். ஆவணியில் பதில் வந்தது. பால்மரம் வெட்டி முடித்துத் திரும்பிய அங்கம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, தமிழில் வாசித்துச் சொன்னார். சீனத்துக்கும் வடக்கே, ஆறு உறைந்துபோகும் ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அந்தப் பறவை குஞ்சாக இருந்தபோது அதன் காலில் வளையத்தைப் போட்டிருக்கிறார். எங்கே போகின்றன என்று அறிய, ஆறு வருஷமாகப் பறவைகளுக்கு இப்படிப் போட்டுவருகிறார். தெற்கிலிருந்து அவருக்கு வந்த முதல் கடிதம் இதுதான்.

“கண்டவர் பேருன்னு உன் பேரத்தான் பதிஞ்சிருக்காராம். பறவை எப்படி இருந்துச்சு, பிழைக்குமான்னு கேக்குறாரு. என்ன எழுதட்டும்?”

அங்கம்மா முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“கால்ல கொஞ்சம் காயம், ஆனா நல்லாப் பறந்துச்சுன்னு எழுதுங்க,” என்றாள். “கொத்துறதுக்கும் தெம்பு இருந்துச்சு. அதையும் எழுதுங்க.”