வாசல் பக்கம் வாட்டம்

இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அண்ணனிடம் சொல்லியாயிற்று. அண்ணியிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று. மாடிவீட்டு அம்மாவைப் படியிலேயே மறித்து, கையில் பால் பாக்கெட்டோடு நிற்கவைத்துச் சொல்லியாயிற்று. இன்னும் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். பத்து வருஷம் அவருக்குக் கலவை போட்டுக் கொடுத்தவள் நான். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அண்ணன் வீட்டில் ஒரே அறையில் நாலு பேர். நான் பெட்டி கட்டுகிற ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பேசுகிறவர்கள் வாயையே பார்த்துப் பார்த்து, இந்த ஊர் பாஷையை ஓரளவு பிடித்துவிட்டேன். அவருக்கு அது வாயில் நுழையவே இல்லை. போன இடத்திலெல்லாம், பேசத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு வேலை. எட்டு மணி நேரம் போக வேண்டும். பாலம் கட்டுகிறார்கள். ஆண்கள் மட்டும் தங்குகிற கொட்டகை. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் வருகிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒன்றாக இருக்கத்தானே எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம்? அந்தப் பாலத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. இன்றைக்கே, பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில் ஒரு கட்டடத்தில், ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். மொழிபெயர்க்க நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி, மேஸ்திரி தலையில் மட்டும் மஞ்சள். பார்த்த உடனே நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மஞ்சத்தொப்பி.

மஞ்சத்தொப்பி எங்களை இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்.

"இந்த ரூம் தரைதான். சாயங்காலம் வந்து பாப்பேன். அவர் தனியா செய்யணும். நீங்க பேசறதுக்கு மட்டும், வேலையில கை வைக்கக் கூடாது."

பத்து வருஷம் கலவை கலந்த கைக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் தரையைச் சுற்றி வந்தார். மண்டி போட்டுப் பார்த்தார். "வாட்டம் எந்தப் பக்கம்னு மேஸ்திரியைக் கேளு" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்த அறையானாலும் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவோம். அந்தத் தண்ணீர் தானாக ஓடிப்போகிற மாதிரி தரையை ஒரு பக்கம் லேசாக இறக்கிப் போடுவார்கள். அதுதான் வாட்டம். வாட்டம் இல்லாத தரையை எந்தக் கொத்தனாரும் தன் தரை என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

"இதையெல்லாம் போய்க் கேப்பாங்களா? இதுகூடத் தெரியலையான்னு நினைக்க மாட்டாரா? வாசல் பக்கம்தான். வேற எங்க இருக்கும்?"

"ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"எனக்குத் தெரியுங்க. நீங்க போடுங்க."

அவ்வளவுதான். மூலையிலிருந்து வாசலுக்கு ஒரு விரல் தடிமன் இறக்கம் வைத்து நூல் கட்டினார். அப்புறம் அவர் கை வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நாலு மாதம் பட்டினி கிடந்த கை அது. பசையை இழுக்கிறது, டைல்ஸை வைக்கிறது, கரண்டிப் பிடியால் ஒரு தட்டு, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து ஒரு பார்வை, அடுத்தது. மத்தியானத்துக்குள் ஒட்டி முடித்துவிட்டார். சீக்கிரம் இறுகுகிற பசை என்பதால் இடுக்கையும் அடைத்து, துடைத்து, கண்ணாடி மாதிரி வைத்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்கள் இரண்டு பேரை வலியக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐந்து மணிக்கு மஞ்சத்தொப்பி வந்தார். தன் நீளமான ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகப் போனது. இடம் மாற்றி வைத்தார். அங்கேயும் அப்படியே.

"தரை ஏன் சாஞ்சிருக்கு?"

நான் பெருமையாக, "தண்ணி போறதுக்கு" என்றேன்.

"இந்த ரூம்ல தண்ணி எதுக்கு? ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி வரப்போகுது. சாஞ்ச தரையில அது எப்படி நிக்கும்? இங்க எல்லாம் தரையைத் துடைக்கிறதோட சரி."

பெயின்ட்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவே தேவைப்படவில்லை. குமிழியைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

"தப்பு என்னோடது" என்றேன் மஞ்சத்தொப்பியிடம். "அவர் உங்ககிட்ட கேக்கத்தான் சொன்னார். நான்தான் பெரிய இவளாட்டம் கேக்கல."

"யார் தப்பா இருந்தா என்னம்மா? மட்டம் பாக்கத் தெரியாத ஆள் எனக்கு வேண்டாம்."

அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன வேணா சொல்லுங்க, மட்டம் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எதிர்மூலையில் கவிழ்த்தேன்.

"ஏய், என்ன பண்ற?" என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

தண்ணீர் ஒரு நொடி யோசித்தது. பிறகு கிளம்பியது. எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் தேங்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, மஞ்சத்தொப்பியின் பூட்ஸை நனைத்துவிட்டு வெளியே போனது.

மஞ்சத்தொப்பி தன் பூட்ஸைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினார். ஈரம்தான் இருந்தது, ஒரு சொட்டு நிற்கவில்லை. மறுபடியும் ரசமட்டத்தை எடுத்து ஏழெட்டு இடத்தில் வைத்தார். எங்கே வைத்தாலும் குமிழி அதே கோட்டைத் தொட்டு நின்றது. முடி அளவு வித்தியாசம் இல்லை.

"கீழ வாங்க" என்றார்.

கீழே வரிசையாக எட்டுக் குளியலறைகள். எட்டிலும் தரையில் தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. "ரெண்டு தடவை பேத்துட்டு ஒட்டினோம். நிக்குது. இதைச் சரி பண்ணுவாரா, கேளுங்க."

இந்தத் தடவை நான் ஒழுங்காகக் கேட்டேன். என் வீட்டுக்காரர் குனிந்து, தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்தார், நாலு மூலையையும் பார்த்தார். நாலு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்தது. "இதுல நாலு பக்க வாட்டம். ஒரு ரூமுக்கு ஒன்றரை நாள் ஆகும்னு சொல்லு." சொன்னேன். அவருக்குக் கலவை போடுகிறவள் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"திங்கட்கிழமை வரட்டும்" என்றார் மஞ்சத்தொப்பி. "முதல்ல மேல இருக்கிற அந்தத் தரையைப் பேத்து, மட்டமா போட்டுட்டுத்தான் இங்க இறங்கணும். அப்புறம் நீங்க கலவை போடுவீங்களாமே? நீங்களும் வாங்க. ஆனா அவர் கேக்கச் சொன்னா கேக்கணும்."

தலைகால் புரியாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். பாலத்துக்காரரின் நம்பரைப் போட்டு, பேச வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நான் வரலை" என்றார், இந்த ஊர் பாஷையில், ஒவ்வொரு வார்த்தையாக. "என் வீடு இங்கே. என் பொண்டாட்டி, என் பிள்ளைங்க. எனக்கு வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சரியா சொன்னேனா?"

"ரெண்டு வார்த்தை தப்பு."

"அவனுக்குப் புரிஞ்சுதா?"

"நல்லாவே புரிஞ்சுது" என்றேன்.