கற்கண்டில் வெடித்த வாக்கியம்

ஒஸ்டர்ஸீல் துறைமுகத்தில், வானொலி நிலையம் ஒலிநாடாவிலிருந்து வெட்டி எறிந்த பேச்சு மறுநாள் மூன்று மணித் தேநீரில் கேட்கும். கோப்பையில் முதலில் கற்கண்டைப் போட்டு மேலே சுடுதேநீரை ஊற்றினால் கற்கண்டு சடசடவென்று வெடிக்கும் அல்லவா, அந்த வெடிப்பில்தான் வார்த்தைகள் வரும்; ஒலிபரப்பாகும்வரை தினமும் வரும். ஊரார் கேட்டுவிட்டு மேலே பாலேடு விட்டுக் குடித்தார்கள். நிருபர் டால்கே ஊபனுக்குத்தான் ஒரு சிக்கல்: அதைப் பதிவு செய்தால் நாடாவில் வெறும் சடசடப்பே இருந்தது.

வெட்டுப்பட்டது அவள் எடுத்த பேட்டி. கப்பல் பட்டறைத் தொழிலாளியான கணவனை இழந்த ஹின்ரிகா சொன்னது: "எங்க வீட்டுக்காரர் நெஞ்ச அடைச்சது அந்தக் கல்நார்த் தூசிதான். மொதலாளிக்கும் தெரியும்." மேலதிகாரி கத்தரித்தார். அந்தக் குளிர்காலத்திலேயே ஹின்ரிகாவும் போய்ச் சேர்ந்தாள். ஊருக்குள் மட்டும் கேட்டு என்ன பயன்? தலைநகரத்துக்குக் கேட்கவில்லை; பட்டறையில் மற்றவர்கள் அதே ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் இருமிக்கொண்டு நின்றார்கள். டால்கே ஒலிவாங்கியை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், கற்கண்டைப் பெரிதாக்கினாள். இதற்கிடையே பிரிவுத் தலைவியானாள், தலை நரைத்தது, நிகழ்ச்சி இயக்குநரும் ஆனாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த வாரம்தான் காரணம் புலப்பட்டது: நாடாவிலிருந்து வெட்டப்பட்டது மறுபடி நாடாவில் ஏறாது. அப்படியானால் நாடாவே வேண்டாம்.

மூன்று மணிக்கு நேரலையில் தேநீர் என்று அறிவித்தாள். நிலையத்தை மேற்பார்க்கும் ஒலிபரப்பு மன்றத் தலைவர் டாக்டர் ஃபோஸ்பெர்க் கலையகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா ஊபன், வேலைய விட்டுப் போகணும்னு ஆசையா?"

"டீ ஊத்தப்போறேன் டாக்டர். அதுக்கும் மன்றத்தக் கேட்கணுமா?"

"அது பேசுமே!"

"அப்ப அதுகிட்டயே சொல்லுங்க, பேசாதேன்னு."

அவர் கரண்டியை எடுத்து அவள் கோப்பைக்குள் நிறுத்தினார். அந்த ஊரில் அதற்கு அர்த்தம் 'போதும்'. அதற்குமேல் யாரும் ஊற்ற மாட்டார்கள். டால்கே கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஊற்றினாள்.

ஹின்ரிகாவின் குரல் தலைநகரம்வரை போயிற்று. இலையுதிர் காலத்துக்குள் பட்டறையில் கல்நார் உபயோகம் நின்றது. டால்கேயை வேலையை விட்டு அனுப்பினார்கள். வெட்டுப்பட்ட பேச்சுகளுக்கான மூன்று மணி நிகழ்ச்சியை நிறுத்த எவருக்கும் துணிவு வரவில்லை. பின்னால் வந்தவர்களுக்காகக் கலையகச் சுவரில் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார்கள்: பதிவு செய்யக் கூடாது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கோப்பை, கோப்பையில் கற்கண்டு, நேரலையில் சுடுதேநீர்.