இரண்டாவது அடி

"முதல் அடி நெத்தியில. அதுக்கு நான் பதில் சொல்லிடுவேன். ரெண்டாவது அடி பின்மண்டையில. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று வக்கீலம்மா கேட்டார்.

மூத்தவள் தேய்ப்பு மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, ஏற்கெனவே மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சலவைக் கடையை நடத்தி வந்தது ஓரகத்திகள் இருவர், அண்ணனையும் தம்பியையும் கட்டியவர்கள். மூத்தவளின் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இளையவளின் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருதரம் முகத்தைக் காட்டுவான். பத்து நாளைக்கு முன்பு, பட்டப்பகலில், மூத்தவள் துணி கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பழைய வண்டிக்காரன் கடைக்குள் வந்தான். இளையவளிடம் வாலாட்டினான் என்று மூத்தவளே துரத்திவிட்டவன்தான். வந்தவன் அவள் கழுத்தைப் பிடித்தான். இளையவள் கைக்கு எட்டிய இஸ்திரிப் பெட்டியால் ஒரு போடு போட்டாள். விழுந்தான், எழுந்தான், வாசல் பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போய் இன்னொரு போடு போட்டாள். அதோடு அவன் எழுந்திருக்கவில்லை. இளையவள் இப்போது சிறையில் இருந்தாள்.

"கொல்ல வர்றவனைக் கொன்னா குத்தமாம்மா?" என்றாள் மூத்தவள்.

"வர்றவனைக் கொன்னா குத்தமில்ல. போறவனைக் கொன்னா குத்தம். உயிருக்கு ஆபத்துன்னு நியாயமா பயப்படற வரைக்கும்தான் சட்டம் கையைக் கட்டாம விடும். அவன் திரும்பி நடந்துட்டான்னா ஆபத்து முடிஞ்சுது. அதுக்கப்பறம் அடிச்சா அது கோபத்துல அடிச்சது."

"அந்த நேரத்துல யாரு இதெல்லாம் அளந்து பார்ப்பா?"

"அங்க அளக்க வேண்டாம். கோர்ட்டுல உக்காந்து நிதானமா அளப்பாங்க." வக்கீலம்மா கேஸ் கட்டைப் புரட்டினார். "இன்னொரு தலைவலி. கழுத்தைப் பிடிச்சான்னு சொல்ற பொண்ணு, போலீஸ் வந்தப்போ கசங்காத வேலைக் கோட்டு போட்டு உக்காந்திருக்கா. அது எப்படி?"

மூத்தவள் துண்டை நான்காவது முறையாக மடித்தாள்.

"பிரேதப் பரிசோதனையில பெருசா ஒண்ணுமில்ல. செத்தவனோட ரெண்டு உள்ளங்கையிலயும் பழுப்புக் கறை. வண்டி ஓட்டினவன்தானே, கிரீஸா இருக்கும்" என்றார் வக்கீலம்மா.

"கிரீஸ் கறுப்பா பிசுபிசுன்னு இருக்கும்மா. பழுப்புன்னா அது துரு. எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"துருவா? இங்க துரு எங்கம்மா இருக்கு?"

"நீராவி அடிக்கிற எடம். எங்கதான் இல்ல?"

வாசல் கதவைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைத் திருப்பாமல் நின்றாள். அந்தக் கதவின் உள்தாழ்ப்பாள் முழுக்கத் துரு. முழங்காலால் கதவை முட்டுக்கொடுத்துத் தூக்கி, இரண்டு கையாலும் தள்ளினால்தான் போய் விழும்.

வக்கீலம்மா போன பிறகு மூத்தவள் அந்தத் தாழ்ப்பாள் முன் போய் நின்றாள். அன்றைக்கு அவள் கொல்லைப்புற வழியாகத்தான் வந்தாள். அழுக்கு மூட்டையோடு வரும்போது எப்போதும் அந்த வழிதான். வாசலருகே அவன் குப்புறக் கிடந்தான். இளையவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, பல் கிட்டி, ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தாள். அவள் கோட்டில் ரத்தம். மற்றவர்கள் என்றால் கூச்சல் போட்டிருப்பார்கள். மூத்தவளோ கோட்டைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு முக்கினாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; ரத்தக் கறை காய்ந்தால் போகாது. இளையவளுக்கு மடிப்புக் கலையாத வேறு கோட்டு ஒன்றை மாட்டிவிட்டாள். தாழ்ப்பாளில் தெறித்திருந்ததை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தாழை விலக்கினாள். அப்புறம்தான் போலீசுக்குப் போன் செய்தாள்.

கோட்டைத் தண்ணீரில் பார்த்தபோதுதான் புத்தி வந்தது, செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று. இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "வாசல் வழியாத்தான் வந்தேன் ஐயா, கதவு திறந்துதான் இருந்துச்சு, எதையும் தொடலை" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். மறுநாள் அந்தக் கோட்டின் காலர்ப் பொத்தான் பிய்ந்திருப்பதைப் பார்த்தாள். தன்னை அறியாமலே வேறு பொத்தான் தைத்து, தேய்த்து, நம்பர்த் துண்டு குத்தி மாட்டிவைத்தாள்.

அதற்குப் பிறகு தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டாள்.

வக்கீலம்மா வந்துபோன மறுநாள் அவரோடு சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளையவள் பாதியாக இளைத்திருந்தாள். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அக்கா, இங்க துணி வெளுக்கறதைப் பார்த்தா உங்களுக்கு நெஞ்சு வலியே வந்துடும். வெள்ளையையும் சிவப்பையும் ஒண்ணாப் போட்டு அலசறாளுங்க. எல்லாரும் ரோஸ் கலர்ல சுத்தறோம்."

"வாயைப் பாரு. சாப்பிட்டியாடி?"

"கணக்கெல்லாம் கேக்காதீங்க, உள்ளே போகுது."

வக்கீலம்மா குறுக்கிட்டார். "அவன் எழுந்து வாசல் பக்கம் போனான். நீ ஏன் பின்னாடி போனே? யோசிச்சுச் சொல்லு."

இளையவளின் முகத்திலிருந்து விளையாட்டு வடிந்தது. "சத்தம் கேட்டுச்சு மேடம். ஏதோ முனகற மாதிரி. அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போச்சு. கை தானா மேல போயிடுச்சு."

"அவன் முனகினானா?"

"அவன் இல்ல. ரொம்பத் தெரிஞ்ச சத்தம். என்னன்னுதான் பிடிபடலை."

மூத்தவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தினமும் கடை பூட்டுமுன் முழங்காலை முட்டுக்கொடுத்து அவள் தாழைத் தள்ளுகிற சத்தம்தான் அது.

இளையவள் வலையில் விரலைக் கோத்துக்கொண்டாள். "ராத்திரி பூரா யோசிக்கறேன் அக்கா. நீங்க வந்தப்போ கதவு திறந்து இருந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்களாம். அப்போ அவன் ஓடத்தான் பார்த்திருக்கான். ஓடறவனைப் போய்... நான் நிஜமாவே கொலைகாரிதானா அக்கா?"

மூத்தவள் வலையோரம் நெருங்கி நின்றாள். சொன்னால் தானும் இந்த வலைக்கு அந்தப் பக்கம். சொல்லாவிட்டால் இவள் தன்னையே கொலைகாரி என்று நம்பியபடி கிடப்பாள்.

"மூடியிருந்துச்சுடி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உள்தாழ் போட்டிருந்துச்சு. நான்தான் திறந்தேன். அவன் ஓடப் போகலை. உன்னை உள்ள வெச்சுப் பூட்டப் போனான்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. மூத்தவள் மிச்சத்தையும் சொன்னாள். கோட்டு, உப்புத் தண்ணீர், துடைத்த துணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொத்தானுமா தச்சீங்க?" என்றார் வக்கீலம்மா, நம்பமுடியாமல்.

"பொத்தான் இல்லாம எப்படிம்மா மாட்டறது?"

வலைக்கு அந்தப் பக்கம் இளையவள் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சத்தம் போட்டாள்.

அன்று மதியமே கடையிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். கூடத்தில் ஒரே இரைச்சல். இன்ஸ்பெக்டர் அவர்களை உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மூத்தவள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கோட்டை விரித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் தேச்சிருக்கீங்க" என்றார். "தடயத்தை அழிச்சிருக்கீங்க, பொய் வாக்குமூலம் கொடுத்திருக்கீங்க. ரெண்டுக்கும் உங்க மேல கேஸ் போடலாம். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"அவன் கையில துரு இருந்தது வாஸ்தவம். தாழைத் தொட்டிருக்கான், ஒத்துக்கறேன். ஆனா போட்டிருந்துச்சுன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். ஏற்கெனவே பொய் சொன்ன வாய் அது. சரி, தாழே போட்டான்னு வெச்சுக்குவோம். ஒரு தாழ் சத்தத்துக்காக ஒரு ஆளைக் கொல்லுவாங்களா? என்னம்மா நியாயம் இது?"

வெளியே யாரோ உரக்கக் கத்தினார்கள். அறைக்கதவு தானாகத் திறந்துகொண்டது. "இந்தக் கதவு வேற" என்று முனகியபடி இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். கதவைத் தோளால் தள்ளித் தாழைப் போட்டார். டக்கென்று விழுந்தது.

மூத்தவளின் முதுகுத்தண்டு சில்லிட்டது. அறையில் காற்றே இல்லாததுபோல் இருந்தது. பக்கத்தில் வக்கீலம்மா இருப்பதும், இது ஸ்டேஷன் என்பதும், அவர் இன்ஸ்பெக்டர் என்பதும் ஒரு கணம் எங்கேயோ போய்விட்டன. தாழ் போட்ட ஓர் ஆம்பிளையின் முதுகு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். திரும்பியவர் அங்கேயே நின்றார்.

"என்னம்மா அது கையில?"

அவள் குனிந்து பார்த்தாள். மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டு அவள் கையில் இருந்தது. விரல்கள் வெளுக்குமளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரியலை ஐயா" என்றாள். "நீங்க தாழ் போட்டீங்க."

வக்கீலம்மா மெல்ல அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குண்டை வாங்கி மேசைமேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் குண்டைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டித் தாழை விலக்கினார். கதவு மறுபடி தானாகத் திறந்துகொண்டது. இரைச்சல் உள்ளே வந்தது. அவர் அதைச் சாத்தவில்லை. வந்து உட்கார்ந்து, ஒரு புதுத் தாளை இழுத்துக்கொண்டார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். "கொல்லைப்புறமா எத்தனை மணிக்கு வந்தீங்க?"