மூன்றாவது ஓலை

1

இந்தக் கதை டைப்பிங் பிழையாகிப்போன ஒரு கல்யாண ஓலையின் பின்பக்கத்தில் பிறந்தது. அந்தத் தாளிலேயேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைச் செயலர் எழுந்து பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இரண்டு வீட்டு அப்பா அம்மா பெயர் எல்லாவற்றையும் வாசிப்பார். கடைசியில், "இந்த விவாகத்துக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே தெரியப்படுத்துங்கள்" என்பார். அதற்குப் பெயர் ஓலை வாசிப்பது. பனையோலை எல்லாம் இல்லை, ஏ-ஃபோர் பேப்பர்தான்.

கதையில் வருகிற கெசியாவுக்குப் பதினேழு வயது, ஊர் கோயம்புத்தூர். அவளுடைய அப்பா எபினேசர்தான் சபைச் செயலர். அவருக்குத் தமிழ் டைப்பிங் வராது, அதனால் ஓலை டைப் செய்வது கெசியாவின் வேலை. இந்த முறை வந்திருப்பது சொந்த அக்கா ஜெமிமாவின் ஓலை. (மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், பைபிளில் யோபுவின் மகள்கள் வரிசைப்படி, கேரேனாப்புக் என்று பெயர் வைக்க அப்பா தயாராக இருந்தார். பிறக்கவில்லை. கர்த்தர் இரக்கமுள்ளவர்.)

கெசியா நான் இல்லை. செருப்பு சைஸ் மட்டும்தான் ஒன்று.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'மருதமலைக்கு மேல் மேகம் இறங்கிய அந்த மாலையில்—' வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலை இல்லை.

'ஐயோ, ஜெமிமா ஒரு பெண்ணைக் காதலித்து—' இந்த ஐயோ யாருடையது? என்னுடையது இல்லை. அடித்துவிட்டேன்.

'ஜெமிமா கீதாவைக் காதலித்தாள். கீதாவும் ஜெமிமாவை.' இது போதும்.

கீதாவுக்குத் தொண்டாமுத்தூர். தென்னந்தோப்பும் தக்காளிக் காடும் உள்ள குடும்பம். தோப்புக்குள் புகுந்த யானையைப் பார்த்து ஓடி, வாய்க்காலில் விழுந்து, தோள்பட்டை பிசகி, பிசியோதெரபிக்காக ஜெமிமாவிடம் வந்து சேர்ந்தவள். ஆறு வாரத்தில் தோள் சரியாகிவிட்டது. கீதா எட்டு மாதம் வந்தாள்.

3

கீதா என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதைக்குத் தேவையானதைவிடத் தைரியமாக இருக்கிறாள். படிப்பவர்கள் நம்பமாட்டார்கள். அதனால் நடந்ததை அப்படியே வைக்கிறேன்.

டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு சாயங்காலம் கெசியா ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போனாள். அங்கே கீதாவும் நண்பர்களும் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோரிக்கை இரண்டு. ஒன்று, பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் செய்துகொள்கிற கல்யாணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும். இரண்டு, மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் நடந்துகொண்டால் அதையும் வல்லுறவு என்றே சட்டம் சொல்ல வேண்டும்.*

எதிரில் இருபது பேர் கொடியோடு வந்து, பண்பாடு கெட்டுவிட்டது என்று கோஷம் போட்டார்கள். கெசியா மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, ஆனால் இளநீர்க் குலை வைத்திருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் கோஷக்காரர்களில் ஒரு பெரியவர் மேசைக்கு வந்தார். பெயர் கண்ணையா.

"ஏனுங்க அம்மணி, தொண்டை கட்டிப்போச்சுங்க. தண்ணி இருக்குதுங்களா?"

"எளநியே இருக்குதுங்க, எங்க தோப்புது. குடிச்சுபோட்டுத் தெம்பாக் கத்துங்க," என்று கீதா ஒன்றைச் சீவிக் கொடுத்தாள்.

குடித்துக்கொண்டே அவர் மேசைமேல் இருந்த தாளைப் படித்தார். "மொதலாவதுக்கு நான் எதிர்ப்புங்க."

"செரிங்க."

"இதென்னுங்க ரெண்டாவது?"

"பொண்டாட்டி வேண்டாம்னா வேண்டாம்தானுங்க. தாலி ஏறிட்டா மட்டும் அது குத்தமில்லைன்னு சட்டத்துல ஒரு வரி இருக்குதுங்க. அதை எடுக்கச் சொல்றோம்."

கண்ணையா இளநீரைக் கீழே வைத்தார். "எம்பட புள்ள ரெண்டு வாட்டி ஊட்டுக்கு ஓடியாந்தாளுங்க. நாந்தான் சமாதானம் சொல்லிக் கொண்டுபோய் உட்டுட்டு வந்தேன்." தாளைத் தன் பக்கம் திருப்பினார். "பேனா குடுங்க."

கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'ரெண்டாவதுக்கு மட்டும்' என்று எழுதினார். பிறகு திரும்பிப் போய்க் கோஷத்தில் சேர்ந்துகொண்டார். ஆனால் குரல் பழையபடி எழும்பவில்லை.

* அடிக்குறிப்பு: முதல் கோரிக்கை நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. இரண்டாவதில் எடுக்கச் சொல்கிற விலக்கு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவிகள் விஷயத்தில், புதுக் குற்றவியல் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அடிக்குறிப்பு சிரிக்காது. மன்னிக்கவும்.

4

மாப்பிள்ளை ஜெரால்டுக்குக் கோபிசெட்டிபாளையம். அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவன் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜித் தட்டைத் தானே சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்த ஆள். ஜெமிமா யாரை விரும்புகிறாள் என்று அவனிடம் எவரும் சொல்லவில்லை.

பெரியவர்களிடம் ஜெமிமா சொன்னாள், கீதாவைப் பற்றியும், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றும். அம்மாவிடம் அடுப்படியில் ஒரு தடவை. அப்பாவிடம் காரில் ஒரு தடவை. ஐயரிடம், அதாவது எங்கள் போதகரிடம், ஒரு தடவை. அப்பா காரை ஓரமாக நிறுத்தி ரொம்ப நேரம் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், மழையே இல்லாமல்.

விஷயம் தெரிந்த பெரியம்மா சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "ஒரு கொழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிரும் அம்மணி."

எல்லாரும் சிரித்தார்கள். கெசியாவும் சிரித்தாள். அப்புறம்தான் அந்தக் குழந்தை எப்படிப் பிறக்கும் என்று யோசித்தாள். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்ன அக்காவுக்கு. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பயம். இந்தக் கதையில் பயம் என்று எங்கே வந்தாலும் அது இதுதான்.

"மூணு வாட்டி சொல்லிப்போட்டேன் கண்ணு," என்றாள் ஜெமிமா. "அது மட்டும் ஓலையில வரல பாரு."

5

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. ஊரையெல்லாம் தடை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். மணப்பெண்ணிடம் கேட்கிற வரி அதில் இல்லை.

மூன்றாவது ஓலையை டைப் செய்து முடித்த கெசியா, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இன்னொன்றும் டைப் செய்தாள். 'எபினேசரின் மகள் ஜெமிமாவுக்கும், தொண்டாமுத்தூர் திருமூர்த்தி, சாமியாத்தாள் தம்பதியின் மகள் கீதாவுக்கும்…' அப்பாவின் ஃபைலில் மாற்றி வைத்துவிட்டால்? அவர் அர்த்தத்தைப் பார்க்கமாட்டார், உச்சரிப்பைத்தான் பார்ப்பார்.

இங்கிருந்து கதை மூன்று விதமாகப் போகலாம்.

அ) அப்பா கணீரென்று வாசிக்கிறார். வழக்கம்போல யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் ஆமென் என்கிறார்கள். கல்யாணம் நிச்சயமாகிவிடுகிறது.

ஆ) எல்லாரும் கவனிக்கிறார்கள். (இதை எழுதப் போய்ப் பேனாவை மூடிவிட்டேன்.)

இ) தொண்டாமுத்தூர் யானை சர்ச்சுக்குள் வருகிறது. ஆராதனை ஒத்திவைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் யானைக்குக் காந்திபுரம் சிக்னலைத் தாண்டத் தெரியாது.

கெசியா அப்பாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, ஓலை வாசிக்கறப்ப யாராவது எந்திரிச்சுத் தடை இருக்குன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அதெல்லாம் சபை விதியில இருக்கும் கண்ணு." எபினேசர் விதிப் புத்தகத்தை எடுத்து நாற்பது நிமிடம் தேடினார். வாகனம் நிறுத்துவதற்கு விதி இருந்தது. பூ அலங்காரத்துக்கு இருந்தது. "இதுவரைக்கும் யாரும் எந்திரிச்சதில்ல அம்மணி," என்று மூடிவைத்தார்.

கெசியா அறைக்குத் திரும்பி வந்தபோது கீதா பெயர் போட்ட தாள் ஜெமிமாவின் கையில் இருந்தது.

"என்னைக் கேட்டியாடி?"

ஊரே செய்த தப்பைக் கெசியாவும் அழகாக, எழுத்துரு பார்த்து, டைப் செய்திருக்கிறாள்.

"இல்லக்கா. கேட்கல."

ஜெமிமா தாளை இன்னொரு தடவை படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "கீதா பேரை போல்டுல வேற போட்டிருக்க." மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அப்பா நெஜத் தாளையே வாசிக்கட்டும். தடை இருக்கான்னு கேட்பாரில்ல? நானே எந்திரிச்சுச் சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்துக்க, போதும்."

"பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் என்ன? கையப் பாரு." ஊர்க்காரர்களின் கையையெல்லாம் நேராக்குகிற கை, பிரியாணிக் கடை போர்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கீதாக்கா?"

"வெளிய வண்டியோட நிப்பா. எளநி கொண்டு வாரேன்னு சொல்லியிருக்கா."

6

செருப்பு சைஸ் விஷயத்தில் பொய் சொல்லிவிட்டேன். எல்லாமே ஒன்றுதான்.

இப்போது ஞாயிறு காலை ஏழு மணி. ஆராதனை எட்டரைக்கு. பக்கத்து அறையில் அப்பா ஓலையை வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். 'தெரியப்படுத்துங்கள்' என்ற பிறகு எப்போதும் மூன்று நொடி நிறுத்திக் கண்ணாடியைத் துடைப்பார், அப்புறம் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். இன்றைக்கு நிறுத்தினார். நான் எண்ணினேன். பதினொன்று வரை போயிற்று. அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது கதையாகிவிடும்.

முடிவு என்னிடம் இல்லை. அதை எழுதப் போவது அக்கா. இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சு. அக்கா, அடுத்து நான், அதற்கடுத்து ஓர் இடம் காலி. நீங்கள் எங்கள் சபை இல்லைதான், பரவாயில்லை, புதியவர்களுக்குக் காப்பியும் பன்னும் உண்டு. வந்து உட்காருங்கள். அப்பா கேட்பார். அக்கா எழுந்திருப்பாள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நீங்களே இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள், தாளில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

நான் எழுதமாட்டேன். அக்கா பிடித்துக்கொள்ளப் போவது என் வலது கையை.