சம்சுதீன் வரும் நாளுக்கு ஒரு பீடி

அஸர் தொழுகை முடிந்த பிற்பகல் நேரம். வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஏரியைப் பார்த்த சன்னலோரக் கயிற்றுக் கட்டிலில் முகைதீன் வாப்பா. வாசற்படியில் மருமகன் ஜலாலுதீன். நடுவே பாயில், மடியில் பலகையும் அதன்மேல் இன்லாண்ட் கடிதமுமாக மகள் ஜொஹரா. இல்லாதவன் அவள் தம்பி சம்சுதீன். பெங்களூரில் மூளையை ஆராயும் கூடத்தில் படிக்கிறான். இந்தப் பழவேற்காட்டு வீட்டுக்கு அவன் கடைசியாக வந்து நாலு வருஷம் ஆகிறது.

வாப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. நெஞ்சு கெட்டுப்போச்சு, பீடியை விடுங்க என்று பொன்னேரி டாக்டர் சொல்லி, அவர் அதை நிறுத்தியதிலிருந்து, மகளையே செத்துப்போன மனைவியாக நினைத்து ‘கைருன்’ என்று கூப்பிட்டார். போன மாதம் ஜலாலுதீன் திருட்டுத்தனமாக ஒன்று கொடுக்க, நாலு இழுப்பில் ‘ஜொஹரா’ என்றார். அதை இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று அவள் ஏங்கிப்போனாள். பீடி கொடுக்கலாமா என்று தம்பிக்கு எழுதிக் கேட்டாள்.

வந்த பதிலை இப்போது உரக்கப் படித்தாள்:

“புகையிலையில் நிக்கோடின் இருக்கிறது. அது போய் ஒட்டினால் திறக்கிற கதவுகள் மூளை நரம்பில் உண்டு. திறந்தால், குளூட்டமேட் என்று நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் பொருள் கூடுதலாகச் சுரக்கும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். நம் ஏரியின் முகத்துவாரம் மாதிரி வைத்துக்கொள் அக்கா. அது திறந்தால் கடலிலிருந்து இறால் உள்ளே வருகிறதில்லையா? ஆனால் எல்லாம் எலியிடம் பார்த்ததுதான். வாப்பாவுக்கு ஞாபகம் பீடியால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நெஞ்சு தாங்காது என்பது மட்டும் நிச்சயம்.”

ஜலாலுதீன் சிரித்தான். “இன்னாம்மே, இம்மாம் படிப்பு படிச்சும் உன் தம்பி எறாவுலயே வந்து நிக்கிறான்!” சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை உருவினான். “ஒண்ணே ஒண்ணு. உன் பேரைக் கேட்டுக்கோ.”

அவள் தடுக்கவில்லை.

நாலு இழுப்பு இழுத்து, இருமி அடங்கியபின் வாப்பா அவளை நன்றாகப் பார்த்தார். “ஜொஹரா.”

“இன்னா வாப்பா?”

“சம்சு எங்கம்மா? நாலு வருசமாச்சே. என் மூஞ்சியைப் பாக்கணும்னு அவனுக்குத் தோணலியா?”

பீடி இல்லாத நாளில், அவர் நினைப்பில் சம்சு படகில் போயிருப்பான், சாயங்காலம் வந்துவிடுவான். அவனுக்குச் சோறு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண் அசருவார். இன்றைக்கு அசரவில்லை. தாடியில் கண்ணீர் இறங்கியது.

“நான் குடுத்திருக்கக் கூடாது” என்றான் ஜலாலுதீன்.

ஜொஹரா அவனிடமிருந்த பீடிக்கட்டை வாங்கி, ஒன்றை மட்டும் எடுத்துத் தம்பியின் கடிதத்தில் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். மீதியை அடுப்பில் போட்டாள். வந்து உட்கார்ந்து, எப்போதும்போல வரிசை எண் இட்டு எழுதினாள்:

“1. வாப்பாவுக்கு இனி பீடி இல்லை. என்னைக் கைருன் என்றே கூப்பிடட்டும்.

2. ஒன்றே ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். நீ வந்து கட்டிலோரம் உட்கார்ந்த பிறகு பற்றவைப்போம். அன்றைக்கு அவர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.

3. சுருக்க வா.”

மடித்து, ஓரத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினாள். தபால் பை பொன்னேரி பஸ்ஸில் ஏறுவதற்குள் சேர்க்கவேண்டும் என்று ஜலாலுதீன் சைக்கிளை மிதித்தான்.